பக்கத்துச் சபைப் போதகரின் தொண்டை

கோயம்புத்தூர்
4 ஜூலை 1983

அன்புள்ள அக்கா லோயிஸுக்கு,

தம்பி பவுல்ராஜ் வணக்கத்தோடும் கொஞ்சம் பெருமையோடும் எழுதுவது. இங்கே நான், என் மனைவி, குழந்தை மூவரும் சுகம். அங்கே மச்சான், பெரியவள், சின்னவன், நாய் டைகர், உன் கோழிகள் எல்லாரும் சுகமா? எஸ்டேட்டில் மழை பிடித்துவிட்டதா?

பெருமைக்குக் காரணம் சொல்கிறேன். போதகர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறவர்களை இனிமேல் வேத அறிவை மட்டும் பார்த்து எடுப்பதில்லை, மனநிலையையும் சோதித்துத்தான் எடுப்பது என்று நம் திருமண்டலம் முடிவு செய்திருக்கிறது. கல்லூரியில் உளவியல் நடத்துகிற என்னைத் தேர்வுக் குழுவில் போட்டிருக்கிறார்கள். மைக்கறைப் படங்களைக் காட்டி "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்பேன். பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்வேன். மனசு பலவீனமானவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டவர்களைப் பற்றியும் குழுவில் பேசினேன். நரம்புத் தளர்ச்சி உள்ள போதகர் யாராவது இருந்தால், சபையிலிருந்து எடுத்து அச்சகத்திலோ அலுவலகத்திலோ உட்கார வைப்பதுதான் அவருக்கும் சபைக்கும் நல்லது என்றேன். பேராயர் தலையை ஆட்டினார்.

நல்ல போதகருக்கு இலக்கணம் என்ன என்று ஒருவர் கேட்டார். "என் அக்கா வீட்டுக்காரர் அருமைநாயகம் ஐயாவைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். உண்மைதானே? அவருக்கு மைக்கறையைக் காட்டினால் உருளைக்கிழங்கு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைச் சந்திக்கப் போய்விடுவார். மச்சானுக்கு என் வணக்கம் சொல்.

அன்புத் தம்பி,
பவுல்ராஜ்


மேல்தொரை எஸ்டேட்
கிளென்மார்கன் அஞ்சல்
30 ஆகஸ்ட் 1983

அன்புத் தம்பி பவுல்ராஜுக்கு,

உன் அக்கா ஈரக் கையோடு எழுதுவது. இங்கே பெரியவள் சுகம். சின்னவன் சுகம், பல் ஒன்று விழுந்தது. டைகர் சுகம். கோழிகள் மழையில் நனைந்து மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருந்தாலும் சுகமே. நீங்கள் மூவரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. ஜூலைக் கடைசியில் கீழ் லைன் வீடுகள் பக்கம் மண் சரிந்தது. ஒரே வாரத்தில் மூன்று அடக்கம். அதற்குப் பிறகு தபால் பஸ்ஸும் சரியாக வரவில்லை. அதை விடு.

உனக்கு வந்த வாழ்வைப் பார்! சின்ன வயதில் அப்பா சட்டையில் மைக்கூட்டைக் கொட்டிவிட்டு, "தானா கொட்டிருச்சு" என்று அழுதவன் நீ. இப்போது அதே மையைக் காட்டி மற்றவர்களைச் சோதிக்கிறாய். அப்பாவின் சட்டையில் என்ன தெரிந்தது என்று நான் குழுவுக்கு எழுதட்டுமா?

எங்கள் வீட்டில் தேன் பாட்டில்களாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு, நீலகிரித் தைலம் எல்லாம் இருக்கிறது. மருந்துக்கடை வைக்கலாம். மலை ஜனங்களுக்குக் கொடுக்கிற கை. ஏன் கொடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்காதே.

கடிதத்தின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் இடம் இருப்பதால் ஒன்று கேட்டு வைக்கிறேன். பக்கத்துச் சபைப் போதகர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷன். கொஞ்ச நாளாகப் பிரசங்க பீடத்தில் ஏறுவதில்லை. தொண்டை கட்டிவிட்டது என்கிறார். தொண்டையில் ஒன்றுமில்லை என்று அவர் மனைவிக்குத் தெரியும். உன் புத்தகத்தில் இதற்கு ஏதாவது போட்டிருக்கிறதா? அந்த அம்மாள் என்னிடம் கேட்டாள், அதனால் கேட்கிறேன்.

உன் அக்கா,
லோயிஸ்


கோயம்புத்தூர்
6 செப்டம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சின்னவனின் பல்லுக்கு என் அனுதாபம்.

பக்கத்துச் சபைப் போதகரின் பிரச்சினை சுவாரசியமானது. நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். தூங்குகிறாரா? சாப்பிடுகிறாரா? எந்த நாளில் தொடங்கியது? ஆராதனை இல்லாத நாட்களில் எங்கே போகிறார்? அவர் பெயரையும் எழுது. குழுவில் சொல்லி முறைப்படி நடவடிக்கை எடுக்கலாம்.

இங்கே முதல் சோதனை முடிந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். மைக்கறையைக் காட்டினேன். முதல் ஆள் சிலுவை என்றார். இரண்டாம் ஆள் புறா என்றார். மூன்றாம் ஆள், "சிலுவை. அதன்மேல் புறா" என்றார். இப்படியே எட்டுப் பேர். விசாரித்தால், ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்! கறுப்பாக இருந்தால் சிலுவை, இறக்கை மாதிரி இருந்தால் புறா, ஒன்றும் புரியாவிட்டால் ஆட்டுக்குட்டி. இத்தலாரிலிருந்து வந்த ஒருவர் மட்டும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூச்சி தின்ன காலிஃபிளவர் எலைங்க" என்றார். அவரை நீக்கிவிடலாம் என்கிறது குழு. நான் இன்னும் முடிவு சொல்லவில்லை.

போன கடிதத்தில் கோழிகள் வரைக்கும் சுகச்செய்தி எழுதியிருந்தாய். மச்சானை விட்டுவிட்டாய். மறதி உனக்கு இப்போதே வரக்கூடாது.

தம்பி,
பவுல்ராஜ்


மேல்தொரை எஸ்டேட்
12 செப்டம்பர் 1983

தம்பி பவுல்ராஜுக்கு,

இங்கே சுகம். உடனே எழுதுகிறேன். குழுவில் ஒரு வார்த்தை பேசாதே. பெயரெல்லாம் தர முடியாது. அவருக்குக் குழந்தைகள் இருக்கின்றன. அச்சகத்தில் உட்கார வைத்தால் அந்த மனுஷன் செத்தே போவார். நீ படித்தவன், என் தம்பி என்று நம்பிக் கேட்டேன். குழுக்காரனிடம் கேட்கவில்லை.

உன் கேள்விகளுக்குப் பதில். தூங்குவதில்லை. ஒரு தோசையில் பாதி சாப்பிடுகிறார், மீதியை நாய் சாப்பிடுகிறது. தொடங்கியது மூன்றாவது அடக்கத்தன்று. குழிக்குப் பக்கத்தில் நின்று "மண்ணுக்கு மண்ணாக" என்று ஆரம்பித்தார். அப்புறம் வார்த்தை வரவில்லை. புத்தகம் கையில் இருக்கிறது, மழை பெய்கிறது, ஜனங்கள் காத்திருக்கிறார்கள், இவர் குழிக்குள் பார்த்துக்கொண்டே நிற்கிறார். உபதேசியார்தான் மீதியை வாசித்து முடித்தார். பெட்டிக்குள் இருந்த பெண்ணுக்கு இவர்தான் ஞானஸ்நானம் கொடுத்தவர். வீட்டுக்கு வந்து, தொண்டை கட்டிவிட்டது என்றார். அன்றையிலிருந்து ஞாயிறுதோறும் உபதேசியார்தான். மற்ற நாட்களில் ஜோகி கவுடருடைய உருளைக்கிழங்குக் காட்டு வரப்பில் போய் உட்கார்ந்திருக்கிறார். கவுடர் நல்லவர், ஒன்றும் கேட்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால் சபை முழுக்க அந்தத் தொண்டையை நம்பிவிட்டது. கொழுந்து பறிக்கிற ஆயம்மாள் கொம்புத்தேன் கொண்டுவந்து, "ஐயாவுக்கு வெறும் வயித்துல குடுங்கம்மா, கொரலு குயிலாட்டம் ஆயிரும்" என்றாள். அதாவது, அந்தச் சபையிலும் ஓர் ஆயம்மாள் இருக்கிறாள். மலையில் எல்லாருக்கும் ஆயம்மாள் என்றுதான் பெயர்.

இப்போது சபைக் கமிட்டி கூடி, ஐயா கத்திப் பேச வேண்டாம், மைக் செட் வாங்கிவிடலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. அறுபது பேர் உட்காருகிற கோயிலுக்கு மைக் செட்! பேசப் பயப்படுகிற மனுஷனுக்கு ஒலிபெருக்கி! சிரிப்பதா அழுவதா சொல்.

பெரியவள் சுகம். சின்னவன் சுகம். டைகர் கொழுத்துவிட்டது. ஒரு கோழி அடை காக்கிறது.

அக்கா,
லோயிஸ்


கோயம்புத்தூர்
25 செப்டம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

முதலில் ஒரு சமாச்சாரம். போன வியாழக்கிழமை திருமண்டலக் கூட்டத்துக்குப் பைக்காரா போதகர் வந்திருந்தார். உங்களுக்குப் பக்கத்துச் சபை என்றால் பைக்காராதானே? ஆரம்பப் பாட்டை அவர்தான் எடுத்துக்கொடுத்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரயில் நிலையத்தில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்றிருப்பார்கள். இடைவேளையில் "தொண்டை இப்போது தேவலையா ஐயா?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். உன் ஜெபம் கேட்கப்பட்டது போல. ஸ்தோத்திரம்.

பைக்காரா இல்லையென்றால் வேறு பக்கமாக இருக்கலாம். மறுபக்கம் முதுமலைக் காடு. அங்கே யானைகளுக்குச் சபை உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை.

எந்தப் பக்கத்துப் போதகரோ, அவருக்கு இதைச் சொல். என்னிடம் ஒரு மனிதர் நோயாளியாகச் சொல்வது ஓர் அறை. குழு இன்னோர் அறை. இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது. ஜூலையில் அச்சகம், அலுவலகம் என்றெல்லாம் பேசினேனே, அது புத்தகம் படித்தவன் பேச்சு. காலொடிந்தவனை ஊரைவிட்டு அனுப்புவோமா? கட்டுப்போடத்தானே செய்வோம்? அதை அடுத்த கூட்டத்தில் நானே மாற்றிச் சொல்லப்போகிறேன்.

அவரைப் பீடத்தில் ஏறச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். அவருக்குப் பைத்தியம் இல்லை. விசுவாசமும் குறைந்துபோகவில்லை. எல்லார் வீட்டுத் துக்கத்தையும் சுமந்துவந்தவருக்கு இறக்கி வைக்க ஒரு வீடு இல்லை, அவ்வளவுதான். யாராவது ஒருவரிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் பாதி இறங்கும்.

அந்தப் போதகரின் மனைவிக்கும் ஒன்று சொல். எல்லாவற்றையும் சிரிப்பாக எழுதுகிறவர்கள் இடையிடையே அழவும் வேண்டும். இது புத்தகத்தில் இருக்கிறது.

தம்பி,
பவுல்ராஜ்


மேல்தொரை எஸ்டேட்
10 அக்டோபர் 1983

அன்புத் தம்பிக்கு,

சுகம். அந்தப் பக்கம்தான், காட்டுப் பக்கம். யானைச் சபை என்றே வைத்துக்கொள்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஆர்மோனியப் பெட்டிமேல் மறந்தாற்போல் வைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் வாங்கப் போனேன். வந்து பார்த்தால் அது பெட்டிமேல் இல்லை, உன் மச்சானின் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஒரு முழுத் தோசை செலவாயிற்று. டைகர் என்னை முறைத்துக்கொண்டு படுத்திருந்தது.

அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன். வெங்காயம் இல்லாமல்தான். உன் புத்தகம் சரி.

மைக் செட் வந்துவிட்டது. கூம்பு ஒலிபெருக்கியைச் சில்வர் ஓக் மரத்தில் ஃபேக்டரியைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். நவம்பர் இருபதாம் தேதி அறுப்பின் பண்டிகை. அன்றுதான் மைக் பிரதிஷ்டை, போதகர் அதில் பேசியே ஆக வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. "ஐயா நாலு வார்த்த பேசுனாப் போதுமுங்க, மிச்சத்த மிசினு பாத்துக்கும்" என்கிறார் கடைக்காரர் சுடலைமுத்து. மிஷின் பார்த்துக்கொள்வதாக இருந்தால் எனக்கு எதற்கு இந்தப் பயம்?

யானைச் சபையில் நடப்பதைத்தான் சொல்கிறேன். அன்று அவர் எல்லார் முன்னாலும் நின்று வாய் திறக்க முடியாமல் போனால் என்ன ஆகும்? சபை ஒரு போதகரின் தொண்டையை மன்னிக்கும். மனசை மன்னிக்குமா? அவர் அதன்பிறகு அந்த அங்கியை எடுத்து மாட்டவே மாட்டார். எனக்குத் தெரியும்.

பெரியவள், சின்னவன் சுகம். குஞ்சுகள் பொரித்துவிட்டன.

அக்கா,
லோயிஸ்


அஞ்சலட்டை
கோயம்புத்தூர்
8 நவம்பர் 1983

அக்கா, நலம். தபால்காரர் வாசிப்பார் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். இருபதாம் தேதிக்கு என்னால் வர முடியவில்லை, இங்கே தேர்வுக் குழு. யானைக்குச் சொல்: பாட முடிந்தால் பாடட்டும். முடியாவிட்டால் சும்மா நிற்கட்டும். நின்றாலே போதும். தபால்காரருக்கும் என் வணக்கம்.
பவுல்ராஜ்


மேல்தொரை எஸ்டேட்
22 நவம்பர் 1983

என் அன்புத் தம்பி பவுல்ராஜுக்கு,

சுகச்செய்தி கடைசியில். முதலில் கதையைக் கேள்.

எங்கள் அறுப்பின் பண்டிகை உனக்குத் தெரியும். காரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், சேவல், இட்டிலி, கேக் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் காணிக்கை வரும். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எல்லாம் ஏலம் போகும். போதகர் வீட்டிலிருந்தும் கொடுப்பது வழக்கம். நான் சேவலைப் பிடித்துக் கட்டிவைத்திருந்தேன். காணிக்கை சேர்க்க வந்த பெண்களிடம், "பின்கட்டு அறையில இருக்குது, எடுத்துக்குங்க" என்றேன். பிள்ளைகளுக்குத் தலை வாரும் அவசரம். அவர்கள் சேவலையும் எடுத்தார்கள், அதற்குப் பக்கத்தில் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த தேனையும் எடுத்தார்கள்!

ஆராதனையை உபதேசியார் நடத்தினார். உன் மச்சான் அங்கி போட்டுக்கொண்டு பீடத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஆசீர்வாதம் மட்டும் ஏலத்துக்குப் பிறகு மைக்கில் சொல்வதாக ஏற்பாடு. சுடலைமுத்து மைக்கைப் பிடித்து ஏலம் விட ஆரம்பித்தார். காலிஃபிளவர் போயிற்று, சேவல் போயிற்று. அப்புறம், "அடுத்ததா நம்ம ஐயா ஊட்டுக் காணிக்கை, மலைத்தேனு!" என்று ஒரு பாட்டிலைத் தூக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆயம்மாள் எழுந்தாள். "ஏனுங்க, அது நாங் குடுத்த தேனுங்க. என்ர சேலைக் கிழிசல்லதான் மூடி கட்டுனேன். கட்டு அப்பிடியே இருக்குதுங்களே!" என்றாள்.

சுடலைமுத்து அடுத்த பாட்டிலை எடுத்தார். அது அவர் கடைப் பாட்டில். அதற்கடுத்தது கமிட்டிக்காரர் வீட்டுடையது. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் தன் தன் பாட்டிலைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள். "அப்ப ஐயாவுக்குத் தொண்டைக்கு என்னதானுங்க குடுத்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டது மைக்குக்குப் பக்கத்தில். ஃபேக்டரி வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

உன் மச்சான் எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுடலைமுத்துவிடமிருந்து மைக்கை வாங்கினார். அது கீச்சென்று கூவியது. கூவி அடங்குகிற வரைக்கும் சும்மா நின்றார். நின்றாலே போதும் என்று எழுதினாயே, அப்படித்தான் நின்றார். பிறகு பேசினார்.

"என்ர தொண்டை நல்லாத்தான் இருக்குதுங்க. நாலு மாசமாப் பொய் சொல்லிட்டேன். மண்ணு சரிஞ்சப்ப மூணு பெட்டி எறக்குனமில்லீங்களா, அதுக்குப் பொறவு எனக்கு வார்த்தையே வர மாட்டேங்குது. செபம் பண்ணக் கண்ண மூடுனா அந்தப் புள்ள மொகந்தான் வருது. உங்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்றது என்ர வேலை. எனக்கு யாருகிட்டப் போய்ச் சொல்றதுன்னு தெரியலீங்க."

அவ்வளவுதான் பேசினார். மைக் செட் அதை எஸ்டேட் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது.

ஆயம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "அந்தத் தேனு எனக்குங்க!" என்று தன் பாட்டிலையே ஏலம் கேட்டாள். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. வாங்கி நேரே உன் மச்சான் கையில் கொண்டுபோய் வைத்தாள். "தொண்டைக்கு இல்லீன்னாப் போவுது. மனசுக்கு வச்சுக்குங்க. தேனு கெட்டுப் போவாதுங்க" என்றாள். அப்புறம் ஆரம்பித்தது பார்! ஆளாளுக்குத் தங்கள் பாட்டிலைத் தாங்களே ஏலம் கேட்டு வாங்கித் திரும்ப அவர் கையில் கொடுக்கிறார்கள். அவர் அழுதுகொண்டே சிரிக்கிறார். இரண்டு கையும் நிறைந்து மூன்றாவது பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் அப்படியே நின்று ஆசீர்வாதம் சொன்னார். குரல் கரகரத்தது. ஒரு வார்த்தை விடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஃபேக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் நல்லசாமி வந்தார். அவர் மாரியம்மன் கோயில்காரர், எங்கள் வாசலை மிதித்ததே இல்லை. "மைக்குல கேட்டனுங்க" என்றார். "எனக்குந் தூக்கமில்லீங்க. அந்த லைனுல போனது எம்பட ஆளுங்க. அன்னைக்கு அந்த வழியா ஷிப்டுக்கு வரச் சொன்னதே நாந்தானுங்க." பிறகு இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். நான் டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது தூளுங்களா, கூட்டி அள்ளுனதுங்களா?" என்று கேட்டார். உன் மச்சான் சத்தமாகச் சிரித்தார். ஜூலைக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் இப்போதுதான் கேட்கிறேன், பவுல்.

இனிமேல் மறைத்து என்ன? யானை எங்கள் வீட்டில்தான் இருந்தது.

பெரியவள் சுகம். சின்னவன் சுகம். டைகர் இளைத்துவிட்டது, தோசை கிடைப்பதில்லை. உன் மச்சான் இன்னும் முழுச் சுகம் இல்லை. ஆனால் எழுதுகிறேன், பார்த்தாயா?

உன் அக்கா,
லோயிஸ்


கோயம்புத்தூர்
1 டிசம்பர் 1983

என் அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் கடிதத்தைக் கல்லூரியில் வாசித்துவிட்டு வகுப்புக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தூசி என்று மாணவர்களிடம் சொன்னேன். பொய் சொல்வது நம் குடும்ப வியாதி போல.

உன் கோழிகள்தான் உன்னை முதலில் காட்டிக்கொடுத்தன. நாய்க்கும் பல்லுக்கும் சுகச்செய்தி எழுதுகிறவள் புருஷனை விட்டுவிட்டால் சந்தேகம் வராதா? ஆனாலும் பெயரைக் கேட்டுக் குழுவுக்குச் சொல்கிறேன் என்று எழுதினேனே, அந்த முட்டாள்தனத்துக்கு என்னைத் திட்டிவிடு. பைக்காரா போதகர் வடை எடுத்த அன்றுதான் எனக்கு முழுதும் விளங்கிற்று.

இருபதாம் தேதி, அங்கே தேன் ஏலம் போன அதே வேளையில், நான் இங்கே மைக்கறையை மூடி வைத்துவிட்டு ஒரு புதுக் கேள்வி கேட்டேன். "உங்களுக்கு மனசு சரியில்லாவிட்டால் யாரிடம் சொல்வீர்கள்?" எட்டுப் பேரும் "கர்த்தரிடம்" என்றார்கள். சரியான பதில்தான், உபதேசியார் வாழ்க. இத்தலார்க்காரர் கொஞ்சம் யோசித்தார். "கர்த்தருகிட்டத்தானுங்க. அவரு ஒண்ணும் பேசலீன்னா எங்க அத்தைகிட்டப் போயிருவேனுங்க. களி கிண்டிப் போட்டுட்டு, இப்பச் சொல்லுடான்னு கேப்பாங்க" என்றார். அவரைத்தான் முதல் ஆளாக எழுதினேன். குழு இரண்டு மணி நேரம் சண்டை போட்டுவிட்டுச் சம்மதித்தது.

போதகர்களுக்கு அத்தை வேண்டும், அக்கா. தேர்ந்தெடுத்து அங்கி மாட்டி மலைக்கு அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். மாதம் ஒருமுறை மலைப் போதகர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசட்டும், யாரும் எழுதிவைக்க வேண்டாம், பேராயரும் வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். பேராயர் தலையை ஆட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் ஆட்டுவார், ஆனாலும் நல்லது. முதல் கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்க மச்சான் சம்மதிப்பாரா? அவசரமில்லை. அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. ஊட்டியில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரின் விலாசமும் இதோடு வைத்திருக்கிறேன், மச்சான் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

தம்பி,
பவுல்ராஜ்


மேல்தொரை எஸ்டேட்
18 பிப்ரவரி 1984

அன்புள்ள மாப்பிள்ளை பவுல்ராஜுக்கு,

பக்கத்துச் சபைப் போதகர் எழுதுவது.

உங்கள் டிசம்பர் கடிதத்துக்கு லோயிஸ் பதில் எழுதவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். "கேட்டது உங்களை, நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். எழுதுகிற அளவுக்கு நான் வர இத்தனை நாள் ஆயிற்று. சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் பழையபடி கவுடர் காட்டு வரப்புதான். நீங்கள் ஊட்டியில் பார்க்கச் சொன்ன டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், தூக்கம் வருகிறது. போன மாதம் ஓர் அடக்கம். உபதேசியார் பக்கத்தில் நின்றார், நானே வாசித்து முடித்தேன்.

உங்கள் அக்காவுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அவள் உங்களுக்கு எழுதிய கடிதங்களைத் தபால் பெட்டியில் போட்டுவந்தவன் நான்தான். இரண்டாவது கடிதத்தைச் சோற்றுப் பசை காயாமல் கொடுத்தாள், வழியிலேயே பிரிந்துகொண்டது. பாதி தோசையை நாய் தின்கிறது என்ற வரி கண்ணில் பட்டது. ஒரு மரத்தடியில் நின்று முழுவதையும் வாசித்தேன். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொல்லாதவள் என்னை எவ்வளவு பார்த்திருக்கிறாள்! ஒட்டிப் போட்டுவிட்டு வந்தேன். அன்றையிலிருந்து பக்கத்துச் சபைப் போதகருக்கு என்ன பதில் வருகிறது என்று உங்கள் கடிதத்துக்காகக் காத்திருந்தது நானும்தான்.

போன செவ்வாய்க்கிழமை முதல் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. உறைபனி விழுந்து தேயிலை எல்லாம் கருகிக் கிடக்கிற நாள். ஆறு போதகர்கள் வந்தார்கள். லோயிஸ் கணப்பில் கரி போட்டு, தேன் கலந்த டீயும் கொடுத்தாள். தேன் தீரவில்லை, இன்னும் இருக்கிறது. கொஞ்ச நேரம் உருளைக்கிழங்கு விலை, கோயில் கூரை என்று பேச்சு ஓடியது. அப்புறம் எமரால்டு ஊர்ப் போதகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருங்க, பக்கத்துச் சபைக்காரரு. சம்சாரம் போனதுக்கப்பறம் தனியாச் சாப்புட ஒக்காரவே மாட்டேங்கறாரு" என்றார். எமரால்டு போதகரின் மனைவி போன வருஷம்தான் தவறினார். அடுத்தவர், "எங்க பக்கத்துச் சபையிலயும் ஒருத்தரு இருக்காருங்க" என்று ஆரம்பித்தார். சுற்றி வந்தது பாருங்கள் மாப்பிள்ளை, ஆறு பேருக்கும் ஆறு பக்கத்துச் சபை! கடைசியாகப் பைக்காரா போதகர். அந்த வெண்கலக் குரல் எங்கே போயிற்றோ, குனிந்துகொண்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு ரொம்பச் சத்தமாப் பாடுவாருங்க. சத்தத்த நிறுத்துனா பயம் வந்துருமுங்களாம்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஐயாமாருங்களே, அந்தப் பக்கத்துச் சபைப் போதகர் நாந்தானுங்க" என்றேன். எமரால்டு போதகர், "நானுந்தானுங்க" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக. உள்ளேயிருந்து உங்கள் அக்கா மூக்கு உறிஞ்சுவது கேட்டது. கேட்டால் புகை என்கிறாள்.

அவர்கள் புறப்படும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் நின்று பைக்காரா போதகர் ஒரு பாட்டு எடுத்துக்கொடுத்தார். இந்தத் தடவை மெதுவாகத்தான். அடுத்த மாதம் எமரால்டில் கூடுகிறோம். அவர் சாப்பாடு போடுவதாகச் சொல்லியிருக்கிறார், எல்லாரும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம்.

பெரியவள் சுகம். சின்னவனுக்குப் புதுப்பல் முளைத்துவிட்டது. லோயிஸ் சுகம், இப்போது நன்றாகத் தூங்குகிறாள். கோழிக் குஞ்சுகள் வளர்ந்து தோட்டத்தை நாசம் பண்ணுகின்றன. டைகருக்குத் தோசை கிடைக்காத மனவருத்தம், அதற்கும் ஏதாவது உங்கள் புத்தகத்தில் இருந்தால் எழுதுங்கள்.

நானும் சுகம், மாப்பிள்ளை.

உங்கள் மச்சான்,
அருமைநாயகம்